அலியாருடைய போட்டில் அடைக்கோழி

குறிஞ்சிப்பிட்டியில் யார் வீட்டு ஆணத்தில் உப்புக் கூடினாலும் மபாஸாவுக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால், "நான் ஏன் மத்தவங்கட அடுப்பப் பாக்கிறன்? காத்து இந்தப் பக்கம் அடிச்சிச்சு" என்பாள். சோளகக் காலத்தில் அது ஓரளவு உண்மையும்தான். கடலிலிருந்து வருகிற காற்று, ஊரில் உள்ள மணலையும் மணத்தையும் பேச்சையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு வந்து அவளுடைய முற்றத்தில்தான் கொட்டும். அவள் விளக்குமாற்றோடு தயாராக நிற்பாள்.

அப்படிப்பட்ட மபாஸாவுக்கு, ஒழுங்கைக்கு நேர் எதிரே இருக்கிற கைருன்னிஸா வீட்டுச் சிவத்தக் கோழி அடைக்கு வந்த செய்தி ஒரு கிழமை பிந்தித்தான் தெரியவந்தது. அதுவும் தானாகத் தெரியவில்லை. நுரைச்சோலையிலிருந்து போட்டு வாங்க வந்த லத்தீப் முதலாளியின் கையில் கோழி கொத்தி, முதலாளி போட்ட சத்தத்தில்தான் தெரிந்தது. இதைவிட மானக்கேடு அவளுக்கு வேறு என்ன வேண்டும்?

போட்டு, கடலுக்குப் போகிற எஞ்சின் படகு, அலியாருடையது. வேலியோரம் தென்னங்குற்றிகளின் மேல் ஏற்றி, நீலப் படங்கால் மூடிக் கிடந்தது. அலியார் மௌத்தாகி இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. பெண்சாதி கைருன்னிஸா இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது, அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. அவள் உள்ளே இருக்கிற இந்தக் காலத்துக்குள், வெளியே போட்டுக்கு விலை பேசி முடித்துவிடுவது என்று அலியாரின் தம்பி முத்தலிபு முடிவெடுத்திருந்தார். மகன் ரிஃபாஸும் தலையாட்டியிருந்தான். அவனுக்குக் கடல் ஆகாது. போட்டில் ஏறினால் கரை மறைவதற்குள் வாந்தி. தில்லையடியில் போன் திருத்துகிற கடை போட வேண்டும் என்பதுதான் அவனுடைய கனவு. முத்தலிபுவுக்கு மார்க்கப்படி அந்தப் போட்டில் ஒரு ஆணிகூடப் பங்கு இல்லை. மகன் இருக்கிற இடத்தில் தம்பிக்கு என்ன? ஆனால் பேச்சில் முழுப் பங்கும் அவருக்குத்தான்.

அன்று முத்தலிபுவும் ரிஃபாஸும் பக்கத்தில் நிற்க, லத்தீப் முதலாளி படங்கைத் தூக்கி, பின்பக்கம் குவித்திருந்த பழைய வலைக்குள் கையை விட்டார். அடுத்த நிமிடம், "அல்லாஹ்வே! உள்ளுக்கு என்னடா தம்பி, பாம்பா?" என்று துள்ளினார்.

ரிஃபாஸ் எட்டிப் பார்த்தான். "கோழி, முதலாளி."

"கோழியா? கோழி இப்படிக் கடிக்குமா?"

எதிர்ப்பக்கத்தில் மபாஸாவின் விளக்குமாறு நின்றுவிட்டது. அதே நேரம் கைருன்னிஸாவின் ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மபாஸா! அந்த இடத்தக் காலையில இருந்து மூணு தரம் கூட்டிட்டாய். இனி மண்ணுக்கே வலிக்கும். இங்க வந்து அந்தக் கோழி அடையா, இல்ல முட்டையிடக் கிடக்கா எண்டு பாத்துச் சொல்லு."

அழைப்புக் கிடைத்துவிட்டது. மபாஸா ஷோலைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆண்கள் மூன்று பேரையும் ஒதுங்கச் செய்து, போட்டுக்குள் தலையை நீட்டினாள். முட்டையிடக் கிடக்கிற கோழி என்றால் ஆள் தலை கண்டவுடன் எழும்பிக் கத்திக்கொண்டு ஓடும். இது ஓடவில்லை. உடம்பு மயிரையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, பலாப்பழம் மாதிரி ஊதி, தொண்டைக்குள் கர்ரென்று ஒரு சத்தம் போட்டது. மபாஸா கையை அடியில் விட்டாள். ஒரு கொத்து வாங்கினாள். அதைக் கணக்கில் எடுக்காமல் வயிற்றைத் தடவினாள். நெஞ்சுப் பக்கத்து மயிரைக் கோழி தானே பிடுங்கிப் போட்டிருந்தது. தோல் காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரிச் சுட்டது. வலையில் எச்சம் இல்லை. போட்டுக்குக் கீழே, சற்றுத் தள்ளி, ஒரு நாளைக்கு ஒரு தரம் மட்டும் இறங்கிப் போடுகிற எச்சம், எலுமிச்சங்காய் அளவில், நாற்றத்தோடு கிடந்தது.

"அசல் அடை" என்றாள் நிமிர்ந்து, டாக்டர் மாதிரி. "கூட்டுக்கும் போகாது, சாப்பாட்டுக்கும் வராது. முட்டையும் இடாது. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் எழும்பாது."

"எழும்பாட்டித் தூக்கி எறியிறதுதானே!" என்றார் முத்தலிபு. "கோழிக்காக யாவாரம் நிக்கிறதா?"

திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. மெதுவாக, ஆனால் லத்தீப் முதலாளிக்குக் கேட்கிற அளவில்: "தம்பி, மௌத்தான வீட்டில அடையில கிடக்கிற உயிர எழுப்பி, அந்த இடத்தில யாவாரம் செய்யக்கூடாது எண்டு எங்கட உம்மா சொல்லுவா. விக்கிறவனவிட வாங்கிறவனுக்குத்தான் கூடாதாம்."

லத்தீப் முதலாளி கையை உதறுவதை நிறுத்தினார்.

"இது எந்தக் கிதாபில ஈக்கி மதினி?" என்றார் முத்தலிபு.

"கிதாபில இல்ல. உம்மாமாருட வாயில ஈக்கி."

"ஓம் ஓம்" என்றாள் மபாஸா. "எங்கட உம்மாவும் சொல்லுவா."

அவளுடைய உம்மா அப்படி ஒன்றை வாழ்நாளில் சொன்னதில்லை. ஆனால் ஒரு விஷயம் தனக்கு ஏற்கெனவே தெரியாது என்று காட்டிக்கொள்வது மபாஸாவின் பழக்கத்தில் இல்லை. அஸர் தொழுகைக்குள் அது ஒழுங்கை முழுக்கப் பரவியது. மஃரிபுக்குள் ஊரில் எல்லாருடைய உம்மாமாரும் அதையே சொல்லியிருந்தார்கள். மீன் வாங்க வந்த ஒருத்தி, அப்படி எழுப்பிய ஒரு ஆளின் போட்டு கற்பிட்டிப் பக்கம் கவிழ்ந்ததாக மபாஸாவிடமே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

"குஞ்சு இறங்கட்டும் தம்பி, பிறகு வாறன்" என்று லத்தீப் முதலாளி மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். கடல் அடங்கி மீன் காலம் தொடங்குவதற்குள் அவருக்குப் போட்டு வேண்டும். இருந்தாலும் கொத்து வாங்கிய கை, அவசரப்பட வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

முத்தலிபு விடுகிற ஆள் இல்லை. அடை தெளிய வைத்தால் கோழி தானாக இறங்கிவிடும், எழுப்பிய பழியும் வராது என்று ரிஃபாஸுக்குப் பாடம் நடத்தினார். அடுத்த நாள் காலையில் ரிஃபாஸ் கோழியைத் தூக்கி வாளித் தண்ணீரில் கழுத்தளவு முக்கி எடுத்தான். பிறகு குசினி வாசலடி ஈர மணலில் கூடையைக் கவிழ்த்து அதற்குள் விட்டு, மேலே கல் வைத்தான். அடி வயிறு குளிர்ந்தால் சூடு இறங்கும், சூடு இறங்கினால் அடை மறந்துபோகும். முறை சரியான முறைதான். மபாஸாவே எத்தனையோ கோழிக்குச் செய்திருக்கிறாள். அதுவும் கேட்காவிட்டால் மூக்குத் துளைக்குள் அதன் இறகையே குறுக்கே செருகி விடுவது. அது அதைத் தட்டி எடுக்கிற மும்முரத்தில் முட்டையை மறந்துவிடும்.

இந்தக் கோழி மறக்கவில்லை. ரிஃபாஸ் த்ரீவீலில் தில்லையடிக்குப் போய், கடைக்கு இடம் பார்த்துவிட்டு வந்தபோது கூடை நிமிர்ந்து கிடந்தது. கல் ஒரு பக்கம் ஒழுங்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. கோழி போட்டுக்குள் ஈரமாக உட்கார்ந்துகொண்டு கர்ரென்றது.

"உம்மா, கூடைய ஆரு தூக்கின?"

"காத்து வாப்பா" என்றாள் கைருன்னிஸா, அரிசி புடைத்துக்கொண்டே. "இந்த வருசம் சோளகம் கடும்."

மூன்று தரம் முக்கினான். மூன்று தரமும் காற்று அடித்தது. கடைசியில் அவனுக்குத் தடிமன் பிடித்ததுதான் மிச்சம். "கிடந்து துலையட்டும்" என்று விட்டுவிட்டான்.

காற்று கல்லைத் தூக்கி ஓரமாக வைக்குமா? மபாஸாவின் தலைக்குள் இந்தக் கேள்வி ஈ மாதிரிச் சுற்றியது. கேள்வி சுற்றத் தொடங்கினால் அவளுக்குச் சோறு இறங்காது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ நேரத்தில் ஊரில் ஆண்கள் எல்லாரும் பள்ளியில் இருப்பார்கள். ஒழுங்கையில் பூனை போனால்கூடச் சத்தம் கேட்கும். தலையை மூடாமல் முற்றத்தில் நிற்க, வேலிக்கு மேலால் கதைக்க, பெண்களுக்கு அதுதான் நேரம். பள்ளி ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியதும் மபாஸா போனை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒழுங்கையைக் கடந்து, படங்குக்குள் நுழைந்தாள்.

உள்ளே பழைய மீன் நாற்றமும் வெக்கையும். நீல இருட்டு. போன் டோர்ச்சைப் போட்டாள். கோழியின் கொத்துகளை ஷோல் சுற்றிய கையால் வாங்கிக்கொண்டு ஒரு முட்டையை உருவி, வெளிச்சத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டு கிழமை அடை கிடந்த முட்டை என்றால் உள்ளே இருட்டாக, ஓரத்தில் சிவப்பு நரம்புகள் ஓட வேண்டும். இது தேசிக்காய்த் தண்ணீர் மாதிரி வெளிச்சமாக இருந்தது. அடுத்ததும் அப்படி. அடுத்ததும் அப்படி. ஒன்றிலாவது ஒரு பொட்டு இல்லை.

அவள் அப்படியே குசினிப் பக்கத்தால் கைருன்னிஸாவின் வீட்டுக்குள் போனாள். கைருன்னிஸா வெள்ளை உடுப்பில், பலகைக் கட்டையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, முட்டை எல்லாம் கூழ். ஒண்டிலயும் கரு இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"சேவல் இல்லாத வீட்டில கரு எங்கால வரும்? எங்கட சேவல அவர்ட மூணாங் கத்தச் சாப்பாட்டுக்கு அறுத்தாங்களே. மயிர் புடுங்கிச் சுத்தம் செஞ்சது நீதானே புள்ள."

மபாஸா தலையில் அடித்துக்கொண்டாள். ஊரில் எந்த வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது என்று சொல்லக்கூடிய தனக்கு, தன் கையால் மயிர் பிடுங்கிய சேவல் மறந்துபோய்விட்டதே! கைருன்னிஸா ஒரு பலகையை அவள் பக்கம் தள்ளினாள். ஒரு கத்தியையும் தள்ளினாள். இருவரும் வெங்காயம் உரித்தார்கள்.

"அப்ப கூடையத் தூக்கின காத்து நீங்கதான்."

"ஓம். குசினிப் படியில நிண்டு கைய நீட்டினா எட்டுது."

"அந்த உம்மா சொன்ன கதை?"

"அதுவும் நான்தான். ஜன்னலுக்குப் பின்னால நிண்டு அந்த நேரத்தில வாயில வந்தது." கைருன்னிஸா வெங்காயத்தை நறுக்கென்று வெட்டினாள். "ஒருக்காச் சொல்லிப் பாத்தன் மபாஸா. போட்ட விக்க வேணாம், அவரோட கூடக் கடலுக்குப் போன இனாஸ்ட கையில குடுப்பம், பிடிக்கிற மீன்ல போட்டுப் பங்கு எண்டு ஒண்டு வரும்தானே, அது என்ட சீவியத்துக்குக் காணும் எண்டு. அந்தத் திரைக்கு அங்கால நிண்டு முத்தலிபு என்ன சொன்னார் தெரியுமா? 'மதினி, நீங்க இத்தாவில இரிங்க. யாவாரத்த நாங்க பாக்கிறம்' எண்டார். இத்தா இருக்கிறது உடம்புதானே புள்ள. வாய்க்குமா இத்தா?"

"ரிஃபாஸ் ஒண்டும் சொல்லல்லயா?"

"அவன் போனப் பாத்துக்கொண்டு, சாச்சாக்குத் தெரியும் எண்டான். அந்த வலைய முடிஞ்சது நான். எஞ்சின் எந்த நேரம் இருமும், எந்த நேரம் நிக்கும் எண்டு இங்க இருந்தே சத்தத்தில சொல்லுவன். என்னோட ஒரு வார்த்த கேக்கல்ல. மார்க்கப்படி எட்டில ஒரு பங்கு தருவாங்களாம். எந்தப் பக்கத்தில தருவாங்க எண்டு கேளு! அணியத்துப் பக்கமா, கடையால் பக்கமா? முன்னுக்குத் தந்தா ஏறி இருந்து காத்து வாங்கலாம். பின்னுக்குத் தந்தா எஞ்சினாவது மிஞ்சும்."

வெங்காயம் உரிக்கிறபோது அழுகிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. மபாஸாவும் மூக்கை உறிஞ்சினாள்.

"இத்தா முடிஞ்சு நான் வெளிய வந்தா, அவங்கட முகத்துக்கு நேரே கதைப்பன். அது வரைக்கும் அந்தப் போட்டு அசையக்கூடாது. அசையாம வைக்க என்னட்ட ஒரு கோழிதான் ஈக்கி."

"ஆனா ராத்தா, இன்னும் ஒரு கிழமை போனா முட்டை வெடிச்சு நாறும். நாறினா ரிஃபாஸ் எல்லாத்தையும் அள்ளிக் கொட்டுவான்."

"அதுதான் நானும் யோசிக்கிறன்."

மபாஸா கத்தியைக் கீழே வைத்தாள். "என்ட வீட்டில சேவல் ஈக்கிதானே."

"ஆரு? அந்த மொட்டைக் கழுத்தனா?"

"மொட்டையா இருந்தா என்ன? வேலைய ஒழுங்காச் செய்யிறான்."

கைருன்னிஸா ஷோலின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அலியார் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. மபாஸாவுக்கு அதைக் கேட்டதும் முட்டை மட்டும் அல்ல, சேவலையே தூக்கிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

அந்தச் சேவலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மபாஸாவின் புருசன் ஜவ்பர் ஆனமடுவைப் பக்கம் வெங்காய லொறியில் போனபோது, ஒரு சிங்களக் கூட்டாளியிடமிருந்து வாங்கி வந்தது. ஆள் நல்ல உயரம். ஆனால் தலைக்கும் உடம்புக்கும் இடையில் ஒரு மயிர் கிடையாது. கழுத்து, வெயிலில் காய்ந்த மிளகாய் மாதிரிச் சிவந்திருக்கும். "சாதி அப்படி" என்றான் ஜவ்பர். மபாஸா நம்பவில்லை. சொறி பிடித்த சேவலை இவன் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது அவள் முடிவு. ஆகவே ஒவ்வொரு நாளும் பின்னேரம் சேவலைப் பிடித்து மடியில் வைத்து, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்து அதன் கழுத்தில் பூசி வந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காய நாற்றைக் கிளறிய குற்றத்துக்காக, அது வந்த நாள் முதல் பழைய வலை அடைப்புக்குள்தான் வாசம். அடைப்புக்குள் இருந்த பெட்டைகள் இட்ட முட்டைகளை இதுவரை பொரித்தும் தின்றும் விட்டார்களே தவிர, ஒன்றையும் அடை வைத்ததில்லை.

குத்பா முடிந்து தொழுகை தொடங்கியது. மபாஸா வீட்டுக்கு ஓடி, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்த முட்டைகளில் புதியவற்றை ஷோலில் கட்டிக்கொண்டு ஓடிவந்தாள். படங்குக்குள் நுழைந்து, கூழ்முட்டைகளை எடுத்துவிட்டு இவற்றை வைத்தாள். இடி முழங்கினால் கரு கலங்கக்கூடாது என்று ஒரு துண்டு அடுப்புக் கரியும், துருப்பிடித்த ஆணி ஒன்றும் ஓரத்தில் செருகினாள். கோழி ஒவ்வொரு முட்டையையும் சொண்டால் இழுத்து அடியில் போட்டுக்கொண்டது. யார் பெற்ற முட்டை என்று அது கேட்கவில்லை. தலையை நிமிர்த்தி மபாஸாவைப் பார்த்து, நன்றிக்குப் பதிலாக ஒரு கொத்துக் கொத்தியது.

பள்ளியிலிருந்து ஆண்கள் திரும்பி வந்தபோது அவள் தன் முற்றத்தில், கூட்டிய இடத்தையே கூட்டிக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கோழிக்கு இருந்ததைவிட மபாஸாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தன. வயிற்றுக்குள் இப்படி ஒரு செய்தியை வைத்துக்கொண்டு எப்படி நடமாடுவது? மீன்காரன் வந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கல்யாண வீட்டுக்குப் போய், பேச வாய் திறக்கிற ஒவ்வொரு தரமும் ஒரு வட்டிலப்பத் துண்டை வாய்க்குள் போட்டு அடைத்துக்கொண்டாள். ஜவ்பர் பயந்துபோனான்.

"உனக்கு உடம்புக்கு என்னவும் செய்யிதா? ஒரு கிழமையா ஒருத்தரப் பத்தியும் கதைக்கல்ல."

"நான் எப்ப ஒருத்தரப் பத்திக் கதைச்சன்?"

"டாக்குத்தரிட்டப் போவமா?"

கோழி ரொம்ப நாள் கிடந்ததால் மெலிந்தது. கொண்டைப் பூ வெளிறிப் போய்த் தொங்கியது. மபாஸா குருணலும் துருவிய தேங்காயும் கலந்து, ஒரு சிரட்டைத் தண்ணீரோடு போட்டுக்குக் கீழே வைப்பாள். கோழி நாளுக்கு ஒரு தரம் இறங்கி, பஸ்ஸைத் தவறவிடப் போகிறவள் மாதிரி அள்ளி விழுங்கி, ஒரு தரம் மணலில் புரண்டு, முட்டை ஆறுவதற்குள் ஏறிவிடும். அந்தச் சில நிமிடங்களுக்கு கைருன்னிஸா ஜன்னல் திரையை விரலகலம் விலக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே வராமல் இருக்கிற இருவரில் ஒருத்திக்கு அந்த அளவாவது இறங்க முடிகிறதே என்று நினைத்தாளோ என்னவோ. மபாஸா கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்ட கேள்விகளில் அதுவும் ஒன்று, மொத்தமே இரண்டு மூன்றுதான் இருக்கும்.

முத்தலிபு வந்து வந்து பார்த்தார். "இன்னுமா பொரிக்கல்ல? இது கோழியா, ஒட்டகமா?"

"சோளகக் காத்துக்குப் பிந்தும் முத்தலிபு நானா" என்பாள் மபாஸா வேலிக்கு மேலால். "போன வருசம் எங்கட சாச்சி வீட்டிலயும் பிந்தினது." அவளுக்குச் சாச்சியே இல்லை.

ஒரு நாள் காலை, காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. ரிஃபாஸ் பல் துலக்கிக்கொண்டு நின்றவன் வாயில் நுரையோடு ஓடிவந்தான். போட்டுக்குள் கீச்சுச் சத்தம். முத்தலிபுவுக்குப் போன் போனது. முத்தலிபுவின் போன் லத்தீப் முதலாளிக்குப் போனது. வெயில் ஏறுவதற்குள் மூன்று பேரும் போட்டைச் சுற்றி நின்றார்கள். ஜவ்பரும் வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான். மபாஸா கடைசியாக, ஒன்றும் அறியாதவள் மாதிரி, மெதுவாக வந்தாள். உண்மையில், குஞ்சு எப்படி வரும் என்று அவள் ஒன்றும் அறியவில்லைதான்.

"இனி ஒரு சாட்டும் இல்ல" என்றார் முத்தலிபு. "குஞ்ச இறக்குடா. முதலாளி, நீங்க நல்லாப் பாத்துக்கொள்ளுங்க."

ரிஃபாஸ் கையை விட்டு முதல் குஞ்சை எடுத்தான். மஞ்சள் பஞ்சு. காய்ந்து, கண் திறந்து, நல்ல உசாராக இருந்தது. ஆனால் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் பஞ்சு இல்லை. வெறும் இளஞ்சிவப்புத் தோல். அவன் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். அதுவும் அப்படி. அடுத்ததும் அப்படி.

 ஜவ்பர்தான் முதலில் பேசினான். இத்தனை மாதம் நெஞ்சில் அடைத்துக் கிடந்தது அவனுக்கு.

"பாத்தியா! பாத்தியா மபாஸா! நான் அப்பவே சொன்னன்தானே, சாதி அப்படி எண்டு! சொறியாம் சொறி! எண்ணெயப் பூசிப் பூசி ரெண்டு போத்தல முடிச்சாய். இப்ப என்ன சொல்றாய்? குஞ்சுக்கும் சொறியா?"

அப்புறம்தான் தான் எந்த வீட்டுக் குஞ்சைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவனுக்கு உறைத்தது. வாய் திறந்தபடியே நின்றான். மபாஸா வானத்தைப் பார்த்தாள். நுரைச்சோலை மின்நிலையத்துப் புகைக்கூண்டைப் பார்த்தாள். எதைப் பார்த்தும் உதவி வரவில்லை.

"இது என்ன பித்தலாட்டம்?" என்று முத்தலிபு கத்தினார். "இந்தக் கோழிக்கு அந்தச் சேவல்ட குஞ்சு எப்படி வந்த? ஆரு முட்டைய மாத்தின?"

ரிஃபாஸ் கையில் குஞ்சோடு கோழிக்கூட்டைப் பார்த்தான். கூட்டுக் கதவில் தொங்கிய, முன்பு சேவலைக் கட்டுகிற கயிற்றைப் பார்த்தான். "சாச்சா," என்றான் மெதுவாக, "நம்மட வீட்டில சேவலே இல்லயே. கத்தத்துக்கு அறுத்தமே."

பிறகு அவன் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனான். திரைக்கு உள்ளே அவன் கேட்டது வெளியே நின்ற எல்லாருக்கும் கேட்டது. மபாஸாவுக்குக் காதை நீட்ட வேண்டிய தேவைகூட வரவில்லை.

"உம்மா, போட்ட விக்க உங்களுக்கு விருப்பம் இல்லயா?"

"இந்த ஒரு வார்த்தைய நீ கேக்கிறதுக்கு," என்றாள் கைருன்னிஸா, "ஒரு கோழி ரெண்டு தரம் அடை கிடக்க வேண்டி இருந்திச்சு வாப்பா."

"அப்ப நீங்களே சொல்லுங்க உம்மா" என்றான் ரிஃபாஸ். அவன் கையில் குஞ்சு கீச்சென்றது. பிறகு அவளுடைய குரல் ஜன்னலுக்கு அருகில் வந்தது. திரை அசையவில்லை. குரலும் அசையவில்லை.

"முத்தலிபு தம்பி, மகன் கேட்டான், அதால சொல்றன். போட்டு விக்கிறதுக்கு இல்ல. இனாஸ் ஓட்டட்டும். பிடிக்கிறதில போட்டுப் பங்க ஒவ்வொரு நாளும் கரையில வச்சு எடுத்து வாறது ரிஃபாஸ்ட பொறுப்பு. கரையில நிண்டா வாந்தி வராதுதானே. கடைக்கு வேண்டியதும் அதுக்குள்ளால மெல்ல மெல்ல வரும், அவசரம் எண்டா அவன்ட பங்க அவன் வேறயா விக்கட்டும், அணியமா கடையாலா எண்டு பாத்து. லத்தீப் முதலாளி, உங்கட கையில கொத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க. அது கோழிட குற்றம் இல்ல."

முத்தலிபு வாயைத் திறந்தார். லத்தீப் முதலாளி முந்திக்கொண்டார். "அவங்கட பொருள், அவங்க சொல்றாங்க. எனக்கு வேற போட்டுக் கிடைக்கும் முத்தலிபு. கொத்திற போட்டு எனக்கு வேணாம்." மோட்டார் சைக்கிள் இந்தத் தரம் கொஞ்சம் சந்தோசமாகவே திரும்பியது போல மபாஸாவுக்குப் பட்டது.

முத்தலிபு இரண்டு கிழமை அந்த ஒழுங்கையால் வரவில்லை. ரிஃபாஸின் முகமும் உடனே தெளிந்துவிடவில்லை. தில்லையடியில் பார்த்து வைத்த இடத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டு ஒரு நேரம் சோறு தின்னாமல் படுத்திருந்தான். ஆனால் மூன்றாம் நாள் பின்னேரம் அவனும் இனாஸும் போட்டைக் கவிழ்த்துப் போட்டு, அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினைக் கழற்றிப் பார்க்கிறபோது அவனுடைய கை, போனைத் திருத்துகிற மாதிரியே கவனமாக ஓடுவதை மபாஸா கவனித்தாள். ஊருக்கும் சொன்னாள். அடைத்துக் கிடந்த அவ்வளவு நாளுக்கும் சேர்த்து இப்போது சொல்லிக்கொண்டிருந்தாள். முட்டையைத் தான் மாற்றியதை மட்டும், இடி முழக்கத்தால் ஏற்பட்ட ஏதோ ஒரு அதிசயம் என்றே சொல்லி வந்தாள். ஒருவரும் நம்பவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

இத்தா முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு பின்னேரம் கோழி தன் மொட்டைக் கழுத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கொக் கொக்கென்று முற்றத்து மணலைக் கிளறியது. மபாஸா ஜன்னலடியில் வந்து நின்றாள்.

"ராத்தா, ஒரு கதை கதைக்கணும். முட்டை என்ட. சேவல் என்ட. குஞ்சில பாதிக்குப் பாதி எனக்குச் சேரணும்."

"கோழி ஆர்ட?"

"உங்கட."

"அடை கிடந்த போட்டு ஆர்ட?"

"...உங்கட."

"அப்ப மார்க்கப்படி எட்டில ஒரு பங்கு தாறன் புள்ள."

மபாஸா சளைக்கவில்லை. ஒரு குஞ்சைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.

"எந்தப் பக்கத்தில தருவீங்க ராத்தா? இந்த மொட்டைப் பக்கமா, வால் பக்கமா?"

கைருன்னிஸா வாயைப் பொத்தவில்லை. அவளுடைய சிரிப்பு திரையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, ஒழுங்கை வரைக்கும் கேட்டது. இத்தாவில் இருக்கிற பெண் இப்படிச் சிரிக்கலாமா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று மபாஸா ஒழுங்கையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. இருந்தாலும், கேட்டால் சொல்வதற்கு ஒன்றைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டாள். சிரித்தது நான்தான் என்று.